மெர்வே என்பது ஆறு, ஐயா

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் தென்னாப்பிரிக்கக் குடும்பப் பெயர்கள் பற்றிய கட்டுரையில், வான் டெர் மெர்வே என்ற டச்சுப் பெயரை 1811-ல் நெப்போலியனின் அதிகாரிகள் சூட்டியதாக ஒரு வரி வந்திருக்கிறது. அங்கே அந்த வம்சத்தைத் தொடங்கிய வில்லெம் ஸ்கால்க் வான் டெர் மெர்வே, 1661-லேயே 'டோர்ட்ரெக்ட்' என்ற கப்பலில் போய்த் தென்னாப்பிரிக்காவின் கேப் முனையில் இறங்கிவிட்டார். நெப்போலியன் பிறக்க அதற்கப்புறம் 108 வருடம் ஆயிற்று. பிள்ளை பிறக்குமுன் பேர் வைத்த கதை கேட்டிருக்கிறேன். பேர் வைத்தவர் பிறக்குமுன்பே பேர் வந்துவிட்ட கதையை உங்கள் பத்திரிகையில்தான் படிக்கிறேன்.

அப்போது நெதர்லாந்தையும் ஆண்ட நெப்போலியனின் 1811 ஆணை, நிலையான குடும்பப் பெயர் இல்லாதவர்கள் ஒன்றைப் பதிய வேண்டும் என்றது. வடக்கே ஃப்ரீஸ்லாந்துப் பக்கம் தகப்பன் பேரை வைத்தே காலம் தள்ளியவர்கள் அப்போதும் நிறைய. மேற்கே ஹாலந்துப் பகுதியில் பலருக்குத் தலைமுறை தலைமுறையாகப் பெயர் இருந்தது. தாங்கள் அறியாததா?

நான் யாழ்ப்பாணத்தான்; 31 வருடமாக டோர்ட்ரெக்ட்வாசி. இங்கே க்ரோட்ஹோஃப்ட் துறையில் நின்றால், மெர்வேட ஆறு (பெயரில் வரும் மெர்வே அதுதான்) இரண்டாகப் பிரிவது கண்ணெதிரே தெரியும். அந்த ஆற்றுப் பக்கத்து ஆள் என்பதுதான் பெயரின் பொருள். சூட்ட அதிகாரி எதற்கு?

போன வருடம் ஒரு படத்தின் கீழே 'திரு. வான்' என்று போட்டீர்கள். வான் என்றால் 'இன்ன இடத்திலிருந்து'. திரு. இருந்து! அதற்கும் எழுதினேன். கடிதத்தைப் பாதியாக வெட்டி, என் பெயரில் தகப்பனார் பெயரையும் வெட்டிப் போட்டீர்கள். சரி, இடப் பற்றாக்குறை.

வந்த புதிதில் ஒரு பல் வைத்தியரிடம் அட்டை அடுக்கும் வேலை பார்த்தேன். வான் என்று தொடங்கிய அத்தனை பேரையும் 'வி' இழுப்பறையில் திணித்தேன். மூட முடியவில்லை. முழங்காலால் தள்ளியபோது வரவேற்பு மேசைப் பெண் வந்து, வான் டெர் மெர்வே 'எம்'மில் போகவேண்டும் என்று ஒவ்வோர் அட்டையாக எடுத்துக் காட்டினாள். பெல்ஜியத்தில் 'வி'யிலேயே போடுவார்களாம். எனக்கு அன்று ஒரு நாள் போதுமாயிருந்தது.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். வருடக் கடைசியில் வெளியிடும் பெயர் அட்டவணையில் வான் டெர் மெர்வேயை 'மெ'வில் சேருங்கள். என் பெயரைச் சுருக்குவதானால் போடவே வேண்டாம். ஊர் மட்டும் போதும்.

- டோர்ட்ரெக்ட், நெதர்லாந்து