அளக்காமலே கையெழுத்துப் போட்ட அளவுத் தாள்: உங்கள் ‘ரேஸ் செட்டப்’ குறித்த புகார்

அனுப்புநர்:
ரசீதில் உள்ள பெயர், முகவரி
கோயம்புத்தூர்

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யாமல் விட்ட செட்டப் வேலை, அதனால் கெட்டுப்போன டிஃபரன்ஷியல், மறுக்கப்பட்ட வாரண்டி

ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற மாதம் உங்களிடம் 1/10 அளவு டூ வீல் டிரைவ் எலெக்ட்ரிக் ரேஸிங் பக்கி (ரேடியோவால் ஓட்டும், மண்ணில் ஓடும் குட்டி ரேஸ் கார்) ஒன்று வாங்கினேன். (எங்கள் பட்டறைப் பையன்கள் அந்தப் பெயரைக் கேட்டே சிரிக்கிறார்கள், அது வேறு கதை.) வண்டி, 17.5 டர்ன் பிரஷ்லெஸ் மோட்டார், கண்ட்ரோலர், ரேடியோ எல்லாம் சேர்த்து 52,400 ரூபாய். கிட் உதிரியாகத்தான் வரும், நீங்களே பூட்டி, அளந்து, ஓட்டத் தயாராக அனுப்ப வேண்டுமானால் ‘ரேஸ் செட்டப்’ என்று தனியாக 3,500 ரூபாய் என்றீர்கள். அதையும் கட்டினேன். இந்தக் கடிதம் அந்த 3,500 ரூபாயைப் பற்றியது. வண்டி நல்ல வண்டி, அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ் எல்லாம் ஜாப் ஒர்க்காகச் செய்து கொடுக்கிறேன். கிட்டை நானே பூட்டியிருக்க முடியும். ஆனால் ஏப்ரலில் எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை, மகளுக்கோ பரீட்சை முடிந்து லீவு தொடங்கிவிட்டது. தவிர, எனக்குத் தெரிந்த ரேடியோ கார், நான் பையனாக இருந்தபோது மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த தமியா கிராஸ்ஹாப்பர்தான். 1984-இல் வந்த மாடல். அதில் எண்ணெய் ஊற்றிய ஷாக் அப்சார்பரே கிடையாது. பேட்டரியைப் போட வேண்டியது, ஓட்ட வேண்டியது. இன்றைய ரேஸ் பக்கியில் திருகுவதற்கு அத்தனை இடம் இருப்பதைப் பார்த்து, முதல் தடவை தெரிந்தவர்கள் கையால் செட் ஆகி வரட்டும் என்று நினைத்தேன்.

வண்டியோடு ஒரு செட்டப் தாளும் வந்தது. கேம்பர் (சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம்), டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே பார்க்கும் கோணம்), ரைடு ஹைட் (தரையிலிருந்து வண்டியின் உயரம்), ஷாக் எண்ணெய், பிஸ்டன், பினியன் (மோட்டார் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) பல், ஸ்லிப்பர் (இழுவை கூடினால் வழுக்கிக் கொடுக்கும் கிளட்ச்) எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு, எண் எழுதி, கீழே ‘அளந்து சரிபார்க்கப்பட்டது’ என்று கையெழுத்து. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. நாங்களும் இப்படித்தான் ஒவ்வொரு லாட்டுக்கும் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் வைத்து அனுப்புகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறைக்குப் பின்னால் இருக்கும் செம்மண் காலியிடத்தில் ஓட்டினோம். பத்து அடி போனதும் மகள், “ஏம்ப்பா, நேரா விட்டாலும் சோத்தாங்கைப் பக்கமே போகுது” என்றாள். ரேடியோவில் ட்ரிம்மை (ஸ்டியரிங்கின் நடுநிலையை மாற்றும் திருகு) திருகி நேராக்கினோம். ஓடியது. ஆனால் வண்டியைக் கையில் தூக்கிப் பார்த்தால், முன்சக்கரம் இரண்டும் இடது பக்கம் லேசாகத் திரும்பி நிற்கின்றன! சக்கரம் ஒரு பக்கம் பார்க்க, வண்டி நேரே போகிறது. இடது திருப்பத்தில் ஒரு குணம், வலது திருப்பத்தில் வேறு குணம். மண்ணைக் குவித்து ஒரு சின்ன ஜம்ப் செய்தோம். அதிலிருந்து இறங்கும்போதெல்லாம் வலது பின்பக்கம் மட்டும் எம்பி, வண்டி கோணிக்கொண்டு விழுந்தது. மகள் ஓட்டத் தெரியாதவள் என்று முதலில் நினைத்துவிட்டேன். அவளிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று.

அன்று மதியம் வண்டியைப் பட்டறை சர்ஃபேஸ் பிளேட்டின் (அளவு பார்க்கும் சமதளப் பலகை) மேல் வைத்தேன். தாளில் பின் டோ இன் இரண்டு பக்கமும் 3 டிகிரி. அளந்தால் வலதில் 3 இருக்கிறது, இடதில் 2தான். காரணம் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பின்சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் ஊசி உட்காரும் அந்தக் குட்டி பிளாஸ்டிக் புஷ்ஷில் துளை நடுவில் இல்லாமல் ஓரம் தள்ளி இருக்கிறது. எந்தப் பக்கம் தள்ளி வைக்கிறோமோ அதைப் பொறுத்து டோ மாறும். இடது பக்கப் புஷ்ஷைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். வலது பின்சக்கரம் கூடுதலாக உள்ளே பார்த்தால் வண்டியின் வாலை இடப்பக்கம் தள்ளும், மூக்கு வலப்பக்கம் போகும். மகள் சொன்னது அதுதான். கழற்றித் திருப்பிப் போட்டேன், ட்ரிம்மைப் பழையபடி நடுவுக்குக் கொண்டுவந்தேன், நேராகிவிட்டது. இது கவனக்குறைவு, யாருக்கும் நேரும் என்று விட்டிருப்பேன். ஷாக்கைத் திறக்கும் வரை அப்படித்தான் நினைத்தேன்.

பின் ஷாக் இரண்டையும் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ராடைக் கையால் அழுத்திப் பார்த்தேன். இடது ஷாக் கெட்டித் தயிர் மாதிரி நிதானமாக இறங்கியது. வலது ‘சளக் சளக்’ என்றது. கை சொல்வதை மட்டும் நம்பக்கூடாது என்று, இரண்டையும் ராட் மேலே வரும்படி நிறுத்தி, தலையில் ஒரே இரும்புத் துண்டை மாற்றி மாற்றி வைத்து நேரம் பார்த்தேன். இடதில் முழுக்க இறங்க மூன்று விநாடி, வலதில் ஒன்று. மூடியைத் திறந்தால் வலது ஷாக்கில் எண்ணெய் 3 மி.மீ. குறைவு, இருக்கிற எண்ணெயிலும் நுரை. எண்ணெய் ஊற்றியதும் பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் இழுத்துக் காற்றுக் குமிழி அடங்கும்வரை காத்திருந்து மூட வேண்டும் என்று உங்கள் கையேட்டிலேயே படத்தோடு இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்துக்குத்தானே ஐயா நான் காசு கொடுத்தேன்?

பிஸ்டனையும் விடவில்லை. தாளில் இரண்டுக்கும் 1.6 மி.மீ. துளை. ஒரு 1.7 டிரில் பிட்டின் பின்தண்டை விட்டுப் பார்த்தேன். இடதில் நுழையவில்லை. வலதில் வழுக்கிக்கொண்டு போனது. 0.1 மி.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். துளையின் பரப்பில் அது 13 சதவீதம். எண்ணெய் அத்தனை சுலபமாக ஓடும், ஷாக் அத்தனை தளர்வாகும். குறைந்த எண்ணெய், காற்று, பெரிய துளை, மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்தால் அந்தப் பக்கம் எம்பாமல் என்ன செய்யும்?

எண்ணெய்க் கட்டத்தில் ‘30’ என்று மட்டும் இருக்கிறது. எந்தக் கம்பெனி 30 என்று இல்லை. ஒரு கம்பெனியின் 30 வெயிட் 350 சென்டிஸ்டோக் (எண்ணெயின் கெட்டித்தன்மைக்கான அளவு), இன்னொன்றின் 30 வெயிட் 338. ஒரு புட்டி வாங்கி டாப் அப் செய்யலாம் என்றால் எதை வாங்குவது?

அப்புறம் ஸ்லிப்பர். பணம் கரைந்தது இதில்தான். நின்ற வண்டிக்கு முழு திராட்டில் கொடுத்தால் முதல் ஒன்றிரண்டு அடிக்கு ஸ்லிப்பர் லேசாக வழுக்க வேண்டும், அந்தச் ‘ஸ்ஸ்’ சத்தம் காதில் விழ வேண்டும். தாளிலும் ‘2 அடி’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். வந்த வண்டியில் நட்டு அடிவரை இறுக்கி, ஸ்பிரிங் சுருள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றது. வழுக்க வழியே இல்லை. டிஃப்போ (டிஃபரன்ஷியல், திருப்பத்தில் இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவது) இதற்கு நேர் எதிர், லூஸ். இது பால் டிஃப், இரண்டு எஃகு வளையத்துக்கு நடுவில் குண்டுமணி மாதிரி குட்டிக் குண்டுகள், அழுத்தத்தில்தான் இழுவையே. அதனால் எப்போதும் ஸ்லிப்பர்தான் முதலில் வழுக்க வேண்டும், டிஃப் ஒருபோதும் வழுக்கக்கூடாது. இதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். ஸ்பர் கியரையும் (பினியன் சுற்றும் பெரிய பல்சக்கரம்) ஒரு டயரையும் கையால் பிடித்துக்கொண்டு மற்ற டயரைத் திருகினால் டிஃப் பிடிக்கிறதா, நழுவுகிறதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அதை யாரும் செய்யவில்லை. முதல் நாள் நாலு பேட்டரி ஓடியதில் டிஃப் மணல் அரைக்கிற சத்தம் போட ஆரம்பித்தது. பிரித்தால் இரண்டு வளையத்திலும் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம், கிரீஸ் கறுத்து வண்டி மை போல.

பினியன் தாளில் 28 பல். எண்ணிப் பார்த்தேன், 31. ஐந்து நிமிட ஓட்டத்தில் மோட்டார் 91 டிகிரி செல்சியஸ் காட்டியது, 75-ஐத் தாண்டக்கூடாது என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். 28 வாங்கிப் போட்டுவிட்டேன், சூடு இறங்கிவிட்டது.

இவ்வளவும் ஆனபிறகுதான் அந்தத் தாளை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கட்டங்களில் இருக்கும் எண்கள் பேனாவால் எழுதியவை அல்ல. ஜெராக்ஸ். கையெழுத்து மட்டும்தான் மை. விரலை ஈரம் செய்து தடவினேன், கையெழுத்து கலைந்தது, எண்கள் அப்படியே இருந்தன. அதாவது, என் வண்டி பிறப்பதற்கு முன்பே அதன் அளவுகள் எழுதியாகிவிட்டன.

உங்கள் சேவை எண்ணுக்கு மூன்று முறை பேசினேன். முதல் முறை, “கொஞ்ச நாள் மெதுவா ஓட்டுங்க சார், செட் ஆயிரும்” என்றார்கள். இரண்டாவது முறை, “டியூனிங் எல்லாம் அவங்கவங்க டேஸ்ட் சார்.” இந்த இரண்டாவது பதிலுக்குக் கொஞ்சம் பதில் சொல்ல வேண்டும்.

டியூனிங் அவரவர் விருப்பம்தான், மறுக்கவில்லை. ஏப்ரல் வெயிலில் எண்ணெய் இளகும், 30-க்குப் பதில் 35 ஊற்றலாமா என்பது என் விருப்பம். எங்கள் மண் கரடுமுரடு, ரைடு ஹைட்டை இரண்டு மி.மீ. ஏற்றலாமா என்பது விருப்பம். முன் கேம்பர் ஒரு டிகிரியா இரண்டா என்பதும் அப்படியே. என் மகளுக்கு முன்பக்கம் கொஞ்சம் இதமாகத் திரும்பினால் பிடிக்கும், எனக்குச் சட்டென்று திரும்ப வேண்டும், அதற்கு வீட்டில் சண்டையே நடக்கிறது. ஆனால் ஒரு ஷாக்கில் 1.6, மறு ஷாக்கில் 1.7 என்பது யாருடைய டேஸ்ட்? இடது காலுக்கு எட்டாம் நம்பர், வலது காலுக்கு ஒன்பதாம் நம்பர் செருப்பைக் கொடுத்துவிட்டு, ‘நடை அவரவர் ஸ்டைல்’ என்று சொல்வது போலத்தான் இருக்கிறது.

மூன்றாவது முறை சொன்ன பதில் இன்னும் மோசம். வாடிக்கையாளர் டிஃப்பைப் பிரித்துவிட்டதால் வாரண்டி கிடையாதாம். பால் டிஃப் பிரித்துத் துடைத்துப் பூட்டுவதற்காகவே செய்த பொருள். எத்தனை ஓட்டத்துக்கு ஒருமுறை பிரிக்க வேண்டும் என்று உங்கள் கையேடே சொல்கிறது. பிரிக்காமல் எப்படி நான் குற்றம் கண்டுபிடிப்பேன், பிரித்தால் எப்படி நான் குற்றவாளி ஆவேன்?

என் தொழிலில் ஒன்று சொல்கிறேன். ஒரு ஷாஃப்ட் 0.02 மி.மீ. கூடிப்போனால் பார்ட்டி திருப்பி அனுப்புவார், திருத்திக் கொடுப்போம், முகம் சுளிக்காமல் மறு ஆர்டரும் வரும். ரிப்போர்ட்டில் அளக்காமல் எண் எழுதியது தெரிந்தால் அந்த வாசலை மறுபடி மிதிக்க முடியாது. புஷ்ஷைத் திருப்பிப் போட்டதற்கு நான் இந்தக் கடிதம் எழுதவில்லை. அந்தத் தாளுக்குத்தான் எழுதுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். செட்டப் கட்டணம் 3,500 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். டிஃப் வளையங்கள், குண்டுகள், த்ரஸ்ட் பேரிங், வலது ஷாக்குக்கு 1.6 பிஸ்டன் ஆகியவற்றை உங்கள் செலவில் அனுப்ப வேண்டும், பூட்டுவதை நானே பார்த்துக்கொள்கிறேன், தயவுசெய்து நீங்கள் பூட்ட வேண்டாம். நான் கைக்காசில் வாங்கிய பினியனுக்கு 480 ரூபாய், ரசீது வைத்திருக்கிறேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர் என்ன கருவியால், எப்போது அளந்தார் என்று எழுத்தில் பதில் வேண்டும். அவர் பெயரோ, அவருக்குத் தண்டனையோ எனக்கு வேண்டாம். ஒரு நாளைக்கு அவரை எத்தனை வண்டி முடிக்கச் சொல்கிறீர்கள் என்று சொன்னால்கூட எனக்குப் பாதி புரிந்துவிடும்.

இணையவழி வர்த்தகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நான் இரண்டு மின்னஞ்சல் அனுப்பி 19 நாள் ஆகிறது, ஒப்புகைகூட வரவில்லை. இந்தக் கடிதத்துக்கும் 15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அடுத்து என்ன செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

செட்டப் தாளின் மூலப் பிரதி என்னிடமே இருக்கிறது, உங்களுக்கு அதன் நகல்தான் வைத்திருக்கிறேன். கூடவே, இரண்டு பிஸ்டனிலும் டிரில் பிட்டை வைத்து எடுத்த படம், டிஃப் வளையத்தின் படம், ரசீதுகள்.

தொலைபேசியில் பேசுவதானால் மாலை 5 மணிக்கு மேல் அழையுங்கள். அதற்கு முன் லேத் ஓடும், காதில் எதுவும் விழாது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(கையெழுத்து, மையில்)