நமது விவசாயிகள் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25: மேட்டுத்தோட்டத்து ஐயா நினைவாக

தலைவர் ஐயா, பொருளாளர் அக்கா, செயற்குழு உறுப்பினர்கள், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கத்திலிருந்து வந்திருக்கும் சங்கத்துச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ஆண்டறிக்கை என்றால் எத்தனை கூட்டம் போட்டோம், யாருக்கு மனுக் கொடுத்தோம், வரவு என்ன, செலவு என்ன என்று வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம். இந்த ஆண்டு எனக்கு அப்படி எழுத மனசு வரவில்லை. சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மேட்டுத்தோட்டத்து ஐயாவை நாம் இழந்த ஆண்டு இது. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மற்ற வேலைகளை நான் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மீதி இடத்தை அவருக்கே கொடுக்கிறேன். செயற்குழுவும் சம்மதித்தது, கீழே வேலைக்குப் போய்விட்ட நம் பிள்ளைகளும் படிக்கிற மாதிரி எழுதச் சொன்னார்கள்.

காபிக்கு இது நல்ல ஆண்டு. பிப்ரவரியில் அரபிகா விலை உலகச் சந்தையில் அதுவரை காணாத உயரத்துக்குப் போனது, நம் காபிப் பருப்புக்கும் அதனால் விலை ஏறியது. ஆனால் பழம் எடுக்க ஆள் இல்லை. எடுக்காமல் விட்ட பழம் செடியிலேயே காய்ந்து கிடந்தால் காய்த்துளைப்பான் பூச்சிக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த கதைதான், ஆகவே கீழே உதிர்ந்ததையும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள் என்று இந்த ஆண்டும் எல்லாத் தோட்டத்துக்கும் சொல்லி அனுப்பினோம். காட்டுமாடும் பன்றியும் அழித்த பயிருக்கு இழப்பீடு கேட்டு வனத்துறைக்கு மனுக் கொடுத்தோம், சிலருக்கு வந்துவிட்டது, வராதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் நகலைக் கொடுத்துவிட்டுப் போங்கள். மருந்து அடிக்கும் இரண்டு தெளிப்பான்களும் பழுது பார்த்து வைக்கப்பட்டுள்ளன. சரி, ஆண்டு நடப்பு அவ்வளவுதான்.

ஐயா இறந்தது கார்த்திகையில், பழம் எடுப்பு தொடங்கிய வாரத்தில். எண்பதை ஒட்டிய வயது. ஆள் கிடைக்காமல் எல்லாரும் திண்டாடிக்கொண்டிருந்த நேரம், ஆனாலும் அன்றைக்கு நம் பக்கத்தில் ஒரு தோட்டத்திலும் கூடை இறங்கவில்லை. யாரும் யாரிடமும் சொல்லி வைத்து நடந்ததில்லை அது.

இளையவர்களுக்காக அவர் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். கீழே ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து சின்னப் பையனாக அப்பாவோடு மலையேறி வந்தவர். எஸ்டேட்டில் கூலி வேலை, அப்புறம் குதிரை ஓட்டினார், அதாவது மேலே விளைந்த காபியையும் வாழைத்தாரையும் குதிரை முதுகில் ஏற்றிக் கீழே இறக்குவது. பட்டிவீரன்பட்டி காபிக் கம்பெனிகளின் வாசலில் மூட்டையோடு காத்துக் கிடந்த கதையெல்லாம் அவர் சொன்னால் நேரம் போவது தெரியாது. சேர்த்த காசில் யாரும் வேண்டாம் என்று விட்ட கல்லுமேட்டை வாங்கி, பொறுக்கிய கல்லையே அடுக்கி வரப்புக் கட்டி, அதில் காபியும் மிளகும் மலைவாழையும் வைத்தார். மேட்டுத்தோட்டம் என்ற பெயர் அப்படி வந்து, கடைசியில் அவருக்கே பெயராகிவிட்டது.

பழனிமலையின் கீழ்ப்பகுதியான நம் கீழ்மலையில் 1970களில் வாழைக்கு முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்ததை மூத்தவர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். குருத்து விரியாமல் இலையெல்லாம் சிறுத்து உச்சியில் கொத்தாக நிற்கும், தார் போடாது, போட்டாலும் முறுக்கிக்கொண்டு வரும். மருந்து கிடையாது, இன்றுவரை கிடையாது. வாழை அசுவினி என்ற சின்னக் கரும்பூச்சி ஒரு மரத்துச் சாற்றை உறிஞ்சிவிட்டு அடுத்த மரத்துக்குப் போகும்போது நோயையும் கொண்டுபோகும், கூடவே நோய் பிடித்த மரத்தின் கன்றை நாமே வாங்கி நட்டுப் பரப்புவோம். விருப்பாச்சி என்கிற நம் மலைவாழையை விட்டு பலர் பீன்ஸுக்கும் சவ்சவ்வுக்கும் போனது அப்போதுதான். ஐயா விடவில்லை. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்துக்கு நடையாய் நடந்து கேட்டுத் தெரிந்துகொண்டார், பல்கலைக்கழகம் நோயில்லாத திசு வளர்ப்புக் கன்று கொடுக்கத் தொடங்கியபோது நம் ஊரில் முதலில் வாங்கி நட்டவரும் அவர்தான்.

அவர் தோட்டத்தைச் சுற்றி வருவதை நான் பல தடவை கூடவே போய்ப் பார்த்திருக்கிறேன். காலையில் வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் போவார். இளம் இலையாகப் பார்த்து வளைத்து, அடிப்புறத்தைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். நடுநரம்பை ஒட்டிக் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக ஏதாவது ஓடுகிறதா என்று விரலால் தடவிக்கொண்டே வருவார். கண் சரியாகத் தெரியாமல் போன பிறகு பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனார், அந்தப் பிள்ளை ஆறாவது படிக்கும்போதே நோய் மரத்தைக் காட்டிக் கொடுக்கும். எறும்பு வரிசையாக ஏறும் மரத்தைத் தனியாகக் கவனிப்பார், அசுவினியிடம் வரும் தித்திப்புக்குத்தான் எறும்பு ஏறுகிறது என்பது அவருக்குத் தெரியும். அறிகுறி கண்ட மரத்தை உடனே வெட்டவும் மாட்டார். "பூச்சிய முதல்ல கொல்லுப்பா, அப்புறம் மரத்தச் சாய்" என்பார். மரத்தை முதலில் சாய்த்தால் அதிலிருக்கும் அசுவினி பக்கத்து மரத்துக்குத்தானே போகும். குருத்திலும் மட்டை இடுக்கிலும் மருந்து அடித்துவிட்டு, கிழங்கோடு தோண்டி, துண்டு துண்டாக நறுக்கிப் போடுவார். தாய்மரத்துக்கு வந்தால் அதே கிழங்கில் இருக்கும் கன்றுகளுக்கும் உண்டு என்பதால் தாயும் கன்றுமாக அந்தக் குத்து முழுவதும் போகும்.

ஒரு முறை தார் தள்ளி முக்கால் விளைச்சலில் நின்ற குத்திலேயே ஒரு கன்றுக்கு நோய் வந்தது. ஒரு மாதம் பொறுத்தால் தாரை வெட்டிவிடலாம். அவர் வீட்டு அம்மா தாழ்வாரத்தில் நின்று கேட்டுப் பார்த்தார், மகன் கேட்டான், நானும் கேட்டேன். "நான் ஒரு மாசம் வச்சா கீழ்த்தோட்டத்துக்காரன் ஒரு வருசத்த விடணும்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துவிட்டார். அந்தக் கீழ்த்தோட்டத்துக்காரரோடு அவருக்கு ஓடைத்தண்ணீர்ப் பிரச்சினையில் பேச்சே கிடையாது அப்போது. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இன்று நம் சங்கத்துத் தோட்டங்களில் மலைவாழை நிற்கிறது என்றால் ஒருவர் தன் மரத்தை அன்றைக்கே தோண்டியதும் அதைப் பார்த்து அடுத்தவர் தோண்டியதும்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது சங்கத்துத் திண்ணையில் பேப்பரை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் பிசைந்தும் அது கெடாமல் நிற்பதற்கு, ஈரம் குறைவான விருப்பாச்சிப் பழமும் ஒரு காரணம். "பேரு பழனிக்கு, பழம் நம்மளுது" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்தது குறைவு.

சங்கம் பிறந்த கதையிலும் அவர் உண்டு. அப்போது ஒரு வியாபாரி மூட்டைக்கு இவ்வளவு என்று கழிவு பிடித்துத்தான் எடை போடுவார், கேட்டால் ஈரம் என்பார். ஐயா தன் காபியைச் சொந்தமாக ஒரு தராசில் போட்டு எடையைச் சீட்டில் எழுதி மூட்டைக்குள்ளேயே வைத்து அனுப்பத் தொடங்கினார், பிறகு நாலைந்து பேர் சேர்ந்து பொதுவாக ஒரு தராசு வாங்கினார்கள். அந்தத் தராசை வைக்க ஒரு இடம் வேண்டும் என்று பிடித்த அறையில்தான் சங்கம் தொடங்கியது.

2018 நவம்பரில் கஜா புயல் நம் மலையையும் விடவில்லை. சில்வர் ஓக் மரங்கள் காபிச் செடி மேல் சாய்ந்து, பாதை அடைத்து, கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அன்று அரிவாளோடு முதலில் இறங்கியவர்களில் அவர் ஒருவர், தன் தோட்டத்துக்குப் போகாமல், தனியாக இருந்த ஒரு பாட்டி வீட்டுப் பாதையைத்தான் முதலில் வெட்டி எடுத்தார். அதன் பிறகு அவர் சொன்னது இன்னும் முக்கியம். நிழல் போனால் வெயில் ஏறும், வெயில் ஏறினால் அரபிகாவில் தண்டுதுளைப்பான் பூச்சி வரும், ஆகவே சாய்ந்த மரத்தை விற்ற காசில் முதலில் நிழலுக்கு நடுங்கள் என்றார். முள்முருங்கைப் போத்துகளை வெட்டிக் கட்டாகக் கட்டி வீடு வீடாக இறக்கி வைத்தார். நட்டவர்கள் செடி இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று நீங்களே பார்க்கிறீர்கள்.

வேலியில் நேரடியாகக் கரண்ட் கொடுக்கலாமா என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். பன்றியால் அதிக நஷ்டம் பட்டவர் அவர், ஆனாலும் எழுந்து நின்று, யானை செத்தாலும் பாவம், விறகு பொறுக்க வரும் பிள்ளை செத்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டு, அப்படிச் செய்பவர் சங்கத்தில் இருக்கக் கூடாது என்று தீர்மானமே போட வைத்தார். அந்தத் தீர்மானம் இன்றும் அமலில் இருக்கிறது.

கோபக்காரர், அதையும் எழுதத்தான் வேண்டும். கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால் முகத்துக்கு நேரே கேட்பார். கீழ்த்தோட்டத்தாரோடு இருந்த பகை அந்த வீட்டுக் கல்யாணத்தில்தான் தீர்ந்தது, பந்தியில் இவரே இலை போட்டார்.

வீட்டில் அவர் வேறு ஆள். மூன்று பிள்ளைகள், மூத்த இரண்டும் பெண். நம் ஊரில் பள்ளி முடிந்ததும் பெண் பிள்ளைகளைக் காபி எடுக்க அனுப்பிய காலத்தில், மூத்தவளை வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் விடுதியில் சேர்த்தார். அந்த அக்கா இன்று நர்ஸ். சொத்தைப் பிரிக்கும்போது மகள்களுக்கும் சரிபங்காக எழுதினார். தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் நம் மலையில் சீர் செய்தாயிற்றே என்று சொல்லி மகள்களிடம் கையெழுத்து வாங்குவதுதான் நடந்துகொண்டிருந்தது. அவரைப் பார்த்து அப்புறம் நாலு வீட்டில் மனசு மாறியது எனக்குத் தெரியும்.

ரிசார்ட் கட்ட இடம் கேட்டு ஆட்கள் வந்தபோது மகனுக்கு விற்றுவிடலாம் என்றுதான் இருந்தது. ஐயா சத்தம் போடவில்லை. ஒரு வருசம் தோட்டக் கணக்கை நீ பாரு, பார்த்துவிட்டு நீயே சொல்லு என்று நோட்டைக் கையில் கொடுத்தார். மகன் இன்றுவரை அந்த நோட்டை எழுதிக்கொண்டிருக்கிறான், பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு சமையல் அவர் கைக்கு வந்தது. கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும் வைத்து, ஆறவைத்து, ஊட்டிவிட்டுத்தான் தோட்டத்துக்குக் கிளம்புவார். தோட்டத்துக் காபியை வறுத்து உரலில் இடித்து, கருப்பட்டி போட்டு வைக்கும் வரக்காபி மட்டும் அம்மா வைக்கிற ருசிக்கு வரவில்லை என்று கடைசிவரை குறைப்பட்டார்.

காரியம் முடிந்த பிறகு அவர் மகள் என்னைக் கூப்பிட்டு ஒரு கம்பியில் குத்தி வைத்த தினசரிக் காலண்டர் தாள்களைக் காட்டினார். அவர் மழைமானி வைத்திருந்தது நமக்குத் தெரியும், இப்படி நாள் தவறாமல் எழுதினார் என்று தெரியாது. தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறார், மழைக் கணக்கில் நூறு சென்ட் ஒரு இஞ்ச். "ஐம்பது சென்ட். காற்று. மூத்தவள் வந்தாள்." இன்னொன்றில், காபி பூக்க வைக்கும் மழையைப் பற்றி, "பூ மழை. ஒரு இஞ்ச். எட்டு நாளில் பூக்கும்." ஒரு தாளில் மழையே இல்லை, "அவள் இன்று தானாகக் கரண்டி பிடித்தாள்" என்று மட்டும் இருக்கிறது. கட்டுக் கட்டாக அட்டைப் பெட்டியில் இருக்கின்றன, சில கரையான் தின்றுவிட்டன.

இவற்றை ஒட்டிச் செயற்குழு எடுத்த முடிவுகளைப் பேரவை முன் வைக்கிறேன். மழைத் தாள்களைக் குடும்பத்தின் அனுமதியோடு படம் பிடித்து, மழை அளவை மட்டும் தனி நோட்டில் எழுதிச் சங்கத்தில் வைப்பது, வீட்டுச் சமாச்சாரம் வீட்டுக்கே சொந்தம். மழைமானியைச் சங்கத்துக் கூரைக்கு வெளியே திறந்த இடத்தில் நட்டு, பேத்தியிடமே அளக்கும் பொறுப்பைக் கொடுப்பது, அந்தப் பிள்ளை சரி என்று சொல்லிவிட்டது. அவர் வைத்திருந்த கன்று மேடையை மகன் தொடர்ந்து நடத்துவார், நோய் பார்த்துத் தேறிய கன்றுகளைச் சங்க உறுப்பினர்களுக்குக் கொடுப்பார், விலை செயற்குழு சொல்வதுதான். முடிக்கொத்து நோய் கண்டவர் அன்றே பக்கத்துத் தோட்டத்தாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், மருந்தும் தெளிப்பானும் சங்கம் தரும், தோண்டுகிற குத்துக்குப் பதில் கன்று இலவசம். இந்தக் கடைசி முடிவுக்கு ஆகும் பணத்துக்குச் சந்தாவைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருக்கிறது, பொருளாளர் அதை விளக்குவார், தயவுசெய்து சம்மதியுங்கள்.

செயற்குழுவில் ஐயா இருந்த இடம் காலியாக உள்ளது. பெயர் கொடுப்பவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்கவும், பெண்களும் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த நடவுக்குக் கன்று வேண்டுபவர்கள் எத்தனை வேண்டும் என்று மகனிடம் இன்றே எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்