பிள்ளைகளின் கழுத்தில் குத்தும் லேபிள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். உள்நாட்டு விற்பனைக்கும் பள்ளிகளுக்கும் குழந்தைகள் உடுப்பு தைத்துக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு இதைக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எல்.கே.ஜி. படிக்கும் என் மகள் எதையும் கொஞ்சம் கூடுதலாகவே உணர்கிற பிள்ளை. மிக்சி போடுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். சொன்னால் காதைப் பொத்திக்கொண்டு அங்கேயே நிற்பாள். சொல்லாமல் போட்டுவிட்டால் அழுகை அடங்க வெகுநேரம் ஆகும். பாட்டி சோப்பை மாற்றினால் மடியில் உட்கார்ந்ததுமே கண்டுபிடித்துவிடுவாள். இதையெல்லாம் வீட்டுக்குள் சமாளித்துக்கொள்ளலாம். சட்டை மாட்டுவதுதான் பெரும்பாடு. புதுத்துணி எது கொடுத்தாலும் முதலில் கையை உள்ளே விட்டுப் பின்கழுத்தைத் தடவிப் பார்ப்பாள். லேபிள் விரலில் பட்டால் முடிந்தது. "குத்துதுப்பா" என்று ஆரம்பித்தால் பள்ளி வேன் வந்து ஹாரன் அடிக்கும் வரை ஓயாது. "இத்தனை செல்லம் ஆகாதுங்க மாப்பிள்ளை" என்கிறார் மாமியார். பள்ளியில் மிஸ் அடம் என்கிறார்.

அந்த லேபிளை நீங்களும் ஒருமுறை தடவிப் பாருங்கள். பாலியஸ்டர் நாடா அது. நூல் பிரியாமல் இருக்கச் சூட்டில் வெட்டுவதால் ஓரம் உருகி இறுகிவிடுகிறது. சில உருப்படிகளில் கண்ணுக்கே தெரியாத நைலான் நரம்பில் தைத்திருப்பார்கள். அதன் நுனி நீட்டிக்கொண்டிருந்தால் பெரியவர்களுக்கே தாங்காது. வெட்டி எறிய வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் வெட்டிப் பார்த்ததில்லை. தையலுக்குள் மாட்டிய அடிக்கட்டை அப்படியே நிற்கும், முழு லேபிளைவிட அது மோசம். பிரித்து எடுக்கலாம் என்றால், கழுத்துப் பட்டியோடு சேர்த்துத் தைத்திருப்பதால் பட்டியும் வாயைப் பிளந்துகொள்ளும். ராத்திரி நூல் வெட்டும் ட்ரிம்மரும் ஊசியுமாக உட்கார்ந்து பிரித்து, பட்டியைக் கையால் மறுபடி தைத்த பிறகுதான் அவள் சட்டைகள் போடும்படி ஆகின்றன.

பகலில் என் கையில் ஓடுகிற வெளிநாட்டுக் குழந்தைகளின் பீஸ்களில் இந்தத் தொல்லையே இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. பிராண்டும் சைஸும் உள்கழுத்தில் பிரிண்ட்டாக இருக்கும், சூட்டில் அழுத்தி ஒட்டியது. தோள் தையல் உறுத்தாமல் மேலே டேப் போட்டிருப்பார்கள். உடைந்த ஊசித் துண்டு ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று நீடில் டிடெக்டரில் விட்டுப் பார்த்த பிறகுதான் பெட்டிக்குப் போகும். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊருக்கு இதெல்லாம் புது வித்தையா என்ன? ஆனால் இதே ஊர்க் கடையில் நம் பிள்ளைக்கு வாங்கும் டி-ஷர்ட்டில் பிராண்டுக்கு ஒரு லேபிள், சைஸுக்கு அதன் அடியில் இன்னொன்று. காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகளின் குவியலைக் கிளறினால் கழுத்தில் பிரிண்ட் போட்டது அகப்படும். மஞ்சள் நிறம்தான் வேண்டும் என்று அங்கே நின்று அழுவாள் பாருங்கள், அது நிஜமாகவே அடம்.

பள்ளியில் தரும் ஹவுஸ் டி-ஷர்ட்டுக்கு அந்த வழியும் கிடையாது. கொடுத்ததைத்தான் போட வேண்டும். துணி பாலியஸ்டர், கழுத்தில் லேபிள், மார்பில் எம்பிராய்டரி போட்ட பள்ளிச் சின்னம். சின்னத்தின் பின்பக்கம் மொடமொடவென்று தாள் அப்படியே நிற்கிறது. வெறும் உடம்பில் அதுதான் உரசுகிறது. ஏற்றுமதி பீஸ் என்றால் அந்த இடத்தில் மெல்லிய துணி ஒட்டியிருப்போம்.

இந்தத் தொல்லை உடுப்போடு நிற்காமல் சாப்பாடு, தூக்கம், பேச்சு என்று பரவினால் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில், மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் பிள்ளைகளை இலவசமாகவே பார்க்கிறார்கள். என் மகளுக்கு அந்த அளவுக்கு இல்லை. அவளுக்குத் தேவை உறுத்தாத சட்டை, அவ்வளவுதான்.

உள்நாட்டு வியாபாரம் செய்யும் தெரிந்த முதலாளி ஒருவரிடம் கேட்டேன். பிரிண்ட் நாலு துவைப்பில் மங்கிவிடும், பிரஸ் போடத் தனியாக ஆள் வேண்டும் என்றார். ஆள் கூலி நியாயமான கவலை, மறுக்கவில்லை. மங்கினால் மங்கட்டும். எல்.கே.ஜி. பிள்ளையின் சட்டை அடுத்த வருடம் எப்படியும் பத்தாது, சைஸ் என்னவென்று யார் பார்க்கப் போகிறார்கள்?

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் சீருடை ஆர்டர் கொடுக்கும் நிர்வாகத்தினர், சாம்பிள் வரும்போது ஒருமுறை உள்பக்கத்தைத் திருப்பித் தடவிப் பாருங்கள். சைஸைப் பிரிண்ட்டாகக் கேளுங்கள். சின்னத்தின் பின்னால் துணி ஒட்டித் தரச் சொல்லுங்கள். இரண்டுமே எங்கள் ஊரில் தினமும் நடக்கிற வேலைதான்.

இப்படிக்கு,
ஒரு செக்கிங் தொழிலாளி,
அங்கேரிபாளையம், திருப்பூர்.