புங்கமரத்தடியில் 37

அன்புள்ள சேகர்,

வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். பெங்களூரிலேயே ஃபேன் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று நீ புலம்பியதைக் கேட்டு அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. கொருக்குப்பேட்டையில் ஒரு ராத்திரி படுத்துவிட்டுப் பேசச் சொல் என்றார். அவருக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. சின்னவள் பிளஸ் டூ எழுதி முடித்துவிட்டாள்.

இங்கே பகலைக்கூடச் சமாளித்துவிடலாம். பன்னிரண்டு, ஒரு மணிக்குக் கடல்காற்று கிளம்பிவிட்டால் பிழைத்தோம், அது தாமதமானால்தான் செத்தோம். ராத்திரிதான் கொடுமை. சுவரும் தளமும் தார்ரோடும் பகலெல்லாம் குடித்த சூட்டை இருட்டின பிறகு கக்க ஆரம்பிக்கும். நாம் பாய் போட்டு வரிசையாகப் படுத்த அந்த மொட்டைமாடி பதினோரு மணிக்கும் வெதுவெதுப்பாக இருக்கிறது.

அக்கா பையன் ஏ.சி. மெக்கானிக் ஆகிவிட்டான் என்று சொன்னேன் இல்லையா, அவனிடம் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி இருக்கிறது. எதன்மேல் நீட்டினாலும் அதன் சூட்டைக் காட்டும். போன ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி வெயிலில், வேறு வேலை இல்லாமல், ரெண்டு பேரும் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினோம். தார்ரோடு 58 டிகிரி. எதிர்வீட்டு சிமென்ட் ஷீட்டின் அடிப்பக்கம் 49, அதற்குக் கீழேதான் ஒரு பாட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இஸ்திரி வண்டி நிற்கும் புங்கமரத்தடியில் அதே ரோடு 37! நடுவில் பத்தடிகூட இல்லை. காற்றின் சூட்டை அளந்தால் இவ்வளவு வித்தியாசம் வராதுதான், ஆனால் நம்மை வாட்டுவது காற்று மட்டுமா, தலைக்கு மேல் வெயிலும் காலுக்குக் கீழே தரையும் சேர்ந்துதானே.

மரம் இலை வழியாகத் தண்ணீரை விட்டுக் குளிர்ச்சி தருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது உண்மைதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் சூட்டை கரண்ட் கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் ஜாஸ்தி, நம் வியர்வை காயாத மாதிரியே இலையின் தண்ணீரும் மெதுவாகத்தான் போகும். அதனால் நமக்கு முதலில் வேண்டியது நிழல். தென்சென்னைக்கு கிண்டியில் ஒரு காடே இருக்கிறது. வடசென்னையில் நமக்கு கன்டெய்னர் லாரியும் குடோனும். ராபின்சன் பூங்காவுக்குள் போனால் சுகம்தான், வெளியே வந்து ரெண்டு தெரு தாண்டினால் போச்சு. எனக்கு பூங்காவைவிட ரோட்டோர மரம்தான் முக்கியமாகப் படுகிறது. பூங்காவுக்கு நேரம் இருக்கிறவன் போவான், மீன் கூடையோடு நடக்கிறவருக்கு வழியில் அல்லவா நிழல் வேண்டும்?

கொலம்பியாவில் மெதெயின் என்று ஒரு ஊர், 2016இல் தொடங்கி ரோட்டோரத்திலும் ஓடைக் கரையிலும் 30 பசுமை வழித்தடங்கள் போட்டார்கள், அங்கே சூடு ரெண்டு டிகிரி இறங்கியது என்கிறார்கள். படித்ததும் நம் கேப்டன் காட்டன் கால்வாய்தான் ஞாபகம் வந்தது. அந்தக் கரை நெடுக பூவரசும் புங்கனும் நின்றால் எப்படி இருக்கும், சொல். (நாற்றத்தை மரம் போக்காது, அது வேறு வழக்கு.)

அதே 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களை நீயும் பார்த்தாய். நம் தெருமுனைத் தூங்குமூஞ்சி விழுந்தபோது வேரைப் பார்த்தோமே, சுற்றிலும் சிமென்ட் போட்டுக் கழுத்தை நெரித்த மாதிரி இருந்தது. இந்தப் புங்கனுக்கும் அதே கதிதான். போதாததற்கு, ஒயரில் படுகிறது என்று போன மாதம் வந்தவர்கள் ஒரு பக்கக் கிளையை மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். அதான் நானும் இஸ்திரிக்கடைக்காரரும் கடப்பாரை எடுத்து அடிமரத்தைச் சுற்றி மூணடிக்கு சிமென்ட்டைப் பெயர்த்துவிட்டோம். இலை கொட்டுகிறது என்று சண்டைக்கு வரும் கீழ்வீட்டுக்காரர், அன்றைக்கு மட்டும் ஒன்றும் பேசாமல் நின்று பார்த்தார். இப்போது அவர் ஸ்கூட்டரும் அங்கேதான் நிற்கிறது.

மே மாதம் வருகிறேன் என்றாயே, டிக்கெட் போட்டாயா? ராத்திரி வண்டியில் வா. பகலில் உன்னை ஸ்டேஷனிலிருந்து நடத்திக் கூட்டிவர எனக்குத் தைரியம் இல்லை.

உன்,
பாபு