சாவி யாரிடம் இருந்தது?

சிவமயம்

சிகாகோ,
மார்கழி

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் தங்கச்சி வள்ளி எழுதுவது. நாங்கள் நலம். அங்கே அத்தானும் பிள்ளைகளும், சென்னையில் தம்பி வீட்டில் அப்பச்சியும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. நாலு பக்கமும் எழுதி, இடம் போதாமல் ஓரத்திலும் சுற்றி எழுதியிருந்தீர்கள். போனில் பேசினால் கூடத்தில் நாலு காது இருக்கும், அதனால்தான் எழுதுகிறேன் என்றீர்களே, அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஆத்தா அறையில் சாமான் காணாமல் போனதற்கும் சாவி விஷயத்துக்கும் கடைசியில் வருகிறேன். அதற்கு நிறைய யோசித்து வைத்திருக்கிறேன்.

இவருக்கு வேலை கொஞ்சம் மாறுகிறது. இடையில் வீட்டில் இருக்கிறார், நல்ல ஓய்வு. காரை விற்றுவிட்டோம். இந்த ஊரில் கார் வைத்திருப்பது பெரிய தலைவலி. பஸ்ஸும் ரயிலும் பக்கத்திலேயே இருக்கின்றன. அப்பச்சியிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், வீணாக யோசிப்பார்கள்.

குளிர் மைனஸ் 20 வரை போனது. மூக்குக்குள் ஈரம் உறைவது தெரியும், ஆச்சி. மிச்சிகன் ஏரியிலிருந்து வரும் காற்று இருக்கிறதே, அது கோட்டு, ஸ்வெட்டர் எதையும் மதிப்பதில்லை. பேர்தான் ஏரி. ஊருணியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது கடல் மாதிரி இருக்கிறது, அக்கரையே தெரியாது.

பனி விழுந்தால் இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் கார் நிறுத்த ஓர் இடத்தை மண்வெட்டியால் சுரண்டிச் சுத்தம் பண்ணினவர், அங்கே ஓர் உடைந்த நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார். அந்த இடம் அவருக்கு. வேறு யாரும் நாற்காலியைத் தொட மாட்டார்கள். எங்கள் கீழ்வீட்டில் ஒரு போலந்துக் கிழவி இருக்கிறார், எண்பது வயதுக்கு மேல். நான் மனசுக்குள் போலந்து ஆச்சி என்றுதான் சொல்வது. அவரிடம் கார் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு பனிக்கும் எங்கள் காருக்கென்று ஒரு நாற்காலி போட்டுவிடுகிறார். கார் இல்லை என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை. கேட்டால் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்கிறேன்.

மாடிப்படியில் யார் ஏறினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். எத்தனை மணிக்கு வந்தேன், கையில் என்ன பை, எந்தக் கடைப் பை, எல்லாம் கணக்கு. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது நான் வர நேரமானால் படிக்கட்டு விளக்கைப் போட்டு வைக்கிறார், அதனால் மன்னித்துவிட்டேன். பிள்ளையார் நோன்பு அன்று நடந்ததைக் கேளுங்கள். கோடி வேட்டியிலிருந்து 21 இழை எடுத்துத் திரித்து, மாவில் வைத்து, அலமாரித் தட்டில் சாமியை வைத்து விளக்கேற்றினோம். இழை கொடுக்கப் பெரியவர்கள் யாரும் இல்லையே. நான் இவருக்குக் கொடுத்தேன், இவர் எனக்குக் கொடுத்தார். ஏற்றிய இழையை மாவோடும் சுடரோடும் வாயில் போடுவதற்குள் கூரையில் மாட்டியிருக்கிற புகை மணி அலற ஆரம்பித்துவிட்டது. ஒரே நிமிஷத்தில் கிழவி வாளியில் தண்ணீரோடு வாசலில். "நெருப்பையா தின்கிறீர்கள்?" என்று அவர் கேட்டதற்கு என்ன பதில் சொல்வது? மாவைக் கொஞ்சம் கொடுத்தேன். நெருப்பு இல்லாமல்தான். நன்றாக இருக்கிறது என்று இன்னொரு முறை வாங்கிக்கொண்டார்.

இலை உதிர்கிற காலத்தில் அவர்தான் ஒரு துப்பறியும் நாவலைக் கையில் திணித்தார். "எங்கள் பெண், படித்துப் பார்" என்றார். அட்டை கிழிந்து, பக்கமெல்லாம் காபிக் கறை. அன்று ராத்திரி குழம்பு அடிப்பிடித்துவிட்டது, அந்த அளவுக்கு உள்ளே போய்விட்டேன். அதிலிருந்து அந்த வரிசையையே பிடித்துக்கொண்டு படித்து வருகிறேன். இந்த ஊர் நூலகத்தில் 2019லிருந்து தாமதத்துக்கு அபராதமே கிடையாது. கதகதப்பாகவும் இருக்கும். சனிக்கிழமையில் வீட்டு ஹீட்டரைக் குறைத்துவிட்டு இரண்டு பேரும் காலையிலேயே போய், மூடுகிற வரை இருந்துவிட்டு வருகிறோம். புத்தகத்துக்காகத்தான்.

துப்பறிகிறவள் பெயர் வி.ஐ. வார்ஷாவ்ஸ்கி. முழுப்பெயர் விக்டோரியா இஃபிஜீனியா, ஆனால் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள். நம் ஐயாக்களின் விலாசம் போல முதலெழுத்தோடு சரி. அப்பா போலந்து வழியில் வந்த போலீஸ்காரர், அம்மா இத்தாலியிலிருந்து தப்பி வந்த பாட்டுக்காரி. இரண்டு பேருமே இல்லை. வளர்ந்தது இதே சிகாகோவின் தெற்கே, இரும்பு ஆலைகளின் புகைக்குள். சட்டம் படித்து, ஏழைகளுக்காக அரசு அமர்த்துகிற வக்கீலாக இருந்து, அதை விட்டுவிட்டுத் தனியாக அலுவலகம் திறந்தவள். கல்யாணம் ஆகி முறிந்துவிட்டது. எழுதியவர் சாரா பரெட்ஸ்கி. முதல் நாவல் 'இண்டெம்னிட்டி ஒன்லி' 1982இல் வந்தது.

நீங்கள் அரிசிக் குதிருக்குப் பின்னால் ஒளித்துப் படித்த மாத நாவல்களெல்லாம் ஞாபகம் வந்தன. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா. சுபாவின் நரேந்திரன், வைஜயந்தி. சுசீலாவின் பனியன் வாசகத்தைப் படித்துவிட்டு ஆத்தா புத்தகத்தை விறகு மேல் போட்டார்களே! சுசீலா கெட்டிக்காரிதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எத்தனை கெட்டிக்காரியாக இருந்தாலும் துப்பறியும் ஏஜென்சியில் பரத்துக்கு அடுத்துத்தான் அவள். இவளுக்கு மேலே ஒருவரும் கிடையாது. மாதச் சம்பளமும் கிடையாது. கரண்ட் பில், வாடகை என்று மாதக் கடைசியில் அவள் கணக்குப் போடுகிற பக்கங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எழுதியவருக்கு எப்படித்தான் தெரிந்ததோ.

உங்களுக்கு இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. இவள் துப்பாக்கியால் கண்டுபிடிப்பதைவிடக் கணக்குப் புத்தகத்தால் கண்டுபிடிப்பது அதிகம். பரெட்ஸ்கி சரித்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, இதே ஊரில் இன்சூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தவர். அதனால் பணம் எந்த வழியாக ஒளிந்து போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் கதையில் காணாமல் போன பெண்ணைத் தேடச் சொல்லி ஒருவன் வருகிறான், வந்தவன் சொன்ன பெயரே பொய். அதைப் பிடித்துக்கொண்டு போனால் கடைசியில் இன்சூரன்ஸ் நஷ்டஈட்டுக் கணக்கில் போய் முட்டுகிறது. 1984இல் வந்த 'டெட்லாக்' முழுக்கத் தானியக் கப்பல்கள். எந்தக் கப்பல், எந்தத் தேதி, என்ன வாடகை என்று அவள் சரிபார்க்கிற இடத்தில், ரங்கூன் பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஐயா முணுமுணுப்பது என் காதில் கேட்டது.

உங்களுக்கென்று ஒன்றைத்தான் சொல்வேன் என்றால், 1985இல் வந்த 'கில்லிங் ஆர்டர்ஸ்'. ஒரு கத்தோலிக்க மடத்துப் பெட்டகத்தில் இருந்த பங்குப் பத்திரங்கள் போலி என்று தெரிய வருகிறது. சந்தேகம் அங்கே கணக்குப் பார்க்கிற ரோசா அத்தை மேல். அடைக்கலம் தேடி வந்த இவள் அம்மாவை ஒரு காலத்தில் தெருவில் தள்ளியவள் அந்த அத்தைதான். இருந்தாலும் சாகும்போது அம்மா கேட்டுக்கொண்டார் என்பதற்காக, பல்லைக் கடித்துக்கொண்டு உதவப் போகிறாள். அத்தை காபி கொடுக்கிற தோரணையும் பேச்சில் வைக்கிற ஊசியும்! படிக்கிறபோது யார் முகம் வந்தது என்று எழுத மாட்டேன், இந்தக் கடிதம் கண்டனூர் வரைக்கும் போனாலும் போகும்.

பிடிக்காததும் உண்டு. அநேகமாக ஒவ்வொரு கதையிலும் இவளை அடித்துப் போடுகிறார்கள். வியன்னாவிலிருந்து வந்த லாட்டி என்ற டாக்டர் சிநேகிதி கட்டுப் போடுகிறார், இவள் அடுத்த நாளே எழுந்து ஓடுகிறாள். நம்ப முடியவில்லை. எனக்குப் பனியில் வழுக்கி விழுந்த முழங்கால் இன்னும் வலிக்கிறது. (பெரிசாக ஒன்றும் இல்லை. டாக்டரிடம் போகிற அளவுக்கெல்லாம் இல்லை.) கதையில் இவள் கீழ்வீட்டில் கான்ட்ரேராஸ் என்று ஒரு கிழவர் வருகிறார், இவள் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பவர். அந்தப் பக்கங்களை மட்டும் போலந்து ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். "இப்படியும் மனுஷங்க இருப்பாங்களா" என்றார் அவர்!

அப்புறம் ஒன்று. இவள் அம்மா இத்தாலியிலிருந்து வரும்போது எட்டுச் சிவப்புக் கண்ணாடிக் கோப்பைகளைத் தன் உள்துணியில் சுற்றி எடுத்து வந்திருக்கிறார். வெனிஸ் நகரத்துக் கண்ணாடி. அம்மாவுக்குப் பிறகு இவளிடம் மிஞ்சியது அதுதான். கதைகள் போகப் போக, வீட்டைக் கலைத்துப் போடுகிறவர்கள் கையில் அவற்றில் சில உடைகின்றன. கொலையைக்கூடச் சாதாரணமாகப் படித்துக்கொண்டு வந்தவள், கோப்பை உடைந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். நூலகத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். ஆத்தாவின் இனாமல் அடுக்கு நினைவுக்கு வந்துவிட்டது, ஆச்சி. பச்சைப் பூப் போட்டது. நோன்புக்கு மாவு இடித்தால் அதில்தான் வைப்பார்கள். மூடியைத் திறந்தால் ஏலக்காய் வாசம் வருமே. பொங்கலுக்கு வளவில் கோலம் போட்டு, நீங்களும் நானும் முற்றத்துத் தூண் பக்கத்தில் உட்கார்ந்து கரும்பு கடித்தது, ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி, எல்லாம் ஒன்றாக வந்தது. இங்கே வந்த பிறகு நான் அழுததே இல்லை என்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சரி, அதை விடுங்கள்.

அதற்கடுத்த வாரம் உங்கள் கடிதம். வெள்ளையடிக்க ஆத்தா அறையைத் திறந்தால் அதே இனாமல் அடுக்கையும் ரவிவர்மா படத்தையும் காணோம் என்று! வாசல் தெளிக்கிற அம்மா மேல் சந்தேகம் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை ஆச்சி, அவராக இருக்காது. நீங்களே எழுதியிருப்பதைத் திரும்பப் படியுங்கள். வெள்ளிக் கும்பா இரண்டும் அதே அலமாரியில் இருக்கின்றன. இல்லாமையில் கை வைக்கிறவர் வெள்ளியை விட்டுவிட்டு இனாமலை ஏன் எடுக்கப் போகிறார்? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழைய இனாமல் என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்தவர்தான் எடுத்திருக்க வேண்டும். வெள்ளி காணாமல் போனால் அன்றைக்கே கூச்சல் வரும், இனாமலை யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்றும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் வெளி ஆள் இல்லை.

அடுத்தது சாவி. பூட்டு உடையவில்லை என்கிறீர்கள். சாவி உங்களிடம் ஒன்று, தம்பியிடம் ஒன்று. ஆடியில் சினிமா ஷூட்டிங்குக்கு வீட்டை விட்டபோது உங்கள் சாவி மேலவீட்டுப் பெரியண்ணனிடம் போனது. என்றைக்குக் கொடுத்தீர்கள், என்றைக்குத் திரும்ப வந்தது? காலண்டர் தாளில் குறித்திருப்பீர்கள், பாருங்கள். வீட்டை ஹோட்டல்காரர்களுக்குக் குத்தகைக்கு விட எல்லாப் பங்காளியும் பொங்கலுக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவசரப்படுவதும் அதே பெரியண்ணன்தான். அவர்தான் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. அவசரப்படுகிறவரின் கணக்கை முதலில் பார் என்று இந்தப் பெண் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான். தம்பியிடம் சொல்லிக் கையெழுத்தைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். அறைகளில் உள்ள சாமான்கள் யாருடையவை என்று குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று முதலில் படிக்கட்டும்.

ஆத்தா கல்யாணத்துக்குச் சாமான் எழுதின சிட்டை பெட்டகத்துக்குள் மஞ்சள் துணியில் இருக்கிறது. அதை எடுத்து, அத்தானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். வேறு என்னென்ன குறைகிறது என்று தெரிந்த பிறகு மற்றதைப் பேசலாம். அதுவரை யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். கண்டனூர் அத்தையிடம் முக்கியமாக.

கடைகளுக்கு நீங்கள் போக வேண்டாம், உங்களை அங்கே எல்லோருக்கும் தெரியும். அத்தானின் கோயம்புத்தூர் சிநேகிதர் பொங்கலுக்கு வருவார் அல்லவா, அவரை வாங்குகிற ஆள் போலப் போகச் சொல்லுங்கள். மூடியின் உட்புறத்தில் சிவப்பு வர்ணத்தில் ஆத்தா வீட்டு விலாசம் எழுதியிருக்கும், சுரண்டியிருந்தாலும் தடம் தெரியும். கிடைத்தால் ஒரு போட்டோ, யார் விற்றது என்று ஒரு பேச்சு, என்ன விலை சொல்கிறார்கள் என்று ஒரு கேள்வி. விலையை எனக்கு எழுதுங்கள். திரும்ப வாங்குகிற பணம் என்னுடையது. இந்த மாதம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறது, மாசியில் கட்டாயம் அனுப்புகிறேன். அதுவரை கடைக்காரர் வைத்திருப்பாரா என்று கேளுங்கள்.

அப்பச்சிக்குக் கண் ஆபரேஷன் எந்தத் தேதி என்று எழுதவில்லையே, தம்பியைக் கேட்டுச் சொல்லுங்கள். வாசல் தெளிக்கிற அம்மாவுக்குப் பொங்கல் சேலையை எப்போதும் போலக் கொடுத்துவிடுங்கள், சந்தேகப்பட்டது அவருக்குத் தெரிய வேண்டாம். ஆத்தா அறைக்குப் புதுப் பூட்டு ஒன்று வாங்கிப் போடுங்கள். சாவி இரண்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கச்சி
வள்ளி