ஆறு கடக்கும் நாளை விற்காதீர்கள்: சஃபாரி பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கென்யா, தான்சானியா சஃபாரி நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் விளம்பரங்களில் எப்போதும் ஒரே படம்தான். மாரா ஆற்றில் முதலைகளுக்கு நடுவே பாயும் வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய ஆப்பிரிக்க மான்) கூட்டம், கீழே 'ஆகஸ்ட், மூன்று நாள்'. பணம் கட்டுபவர் என்ன நினைப்பார்? மூன்று நாளுக்குள் அதைப் பார்த்துவிடலாம் என்றுதானே! அந்த உறுதியை யாராலும் தர முடியாது என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் ஓட்டுநர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

லட்சக்கணக்கான வில்டபீஸ்ட்டுகளும் கூடவே வரிக்குதிரைகளும் மழை பெய்து புல் முளைக்கும் இடத்தைத் தேடி தான்சானியாவின் செரெங்கெட்டிக்கும் அதை ஒட்டிய கென்யாவின் மசாய் மாராவுக்கும் இடையே ஆண்டு முழுக்கச் சுற்றுகின்றன, மழை தள்ளிப்போனால் கூட்டமும் தள்ளிப்போகும். வழியில் இருக்கும் மாரா ஆற்றின் கரைக்கு வந்தபிறகும் மணிக்கணக்கில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடுவது உண்டு.

அதனால் வருபவரிடம் முதலில் கேளுங்கள், ஆற்றைத்தான் பார்க்க வேண்டுமா என்று. பிப்ரவரியில் செரெங்கெட்டியின் தெற்கே ந்டுட்டு ஏரிப் பக்கம் நடப்பதை ஏன் யாருமே பெரிதாகச் சொல்வதில்லை? எரிமலைச் சாம்பல் படிந்த மண், அதில் வளரும் குட்டைப் புல்லில் பாலூட்டும் தாய்க்கு வேண்டிய கால்சியமும் பாஸ்பரஸும் இருக்கின்றன, அங்கேதான் சில வாரங்களுக்குள் பெரும்பாலான குட்டிகள் பிறக்கின்றன. இப்படி மொத்தமாகப் பிறப்பதால் சிங்கமும் கழுதைப்புலியும் தின்றதுபோக ஏராளமான குட்டிகள் தப்பிவிடுகின்றன. பிறந்த சில நிமிடங்களிலேயே குட்டி எழுந்து நிற்கிறது. புல் குட்டை என்பதால் வெகுதூரம் வரை எல்லாம் தெரியும். என்னைக் கேட்டால் ஆற்றைவிட இதுதான் பெரிய காட்சி.

ஏப்ரல், மே பெருமழைக் காலம், பாதை சேறாகும். ஜூன் வாக்கில் கூட்டம் மேற்கே குருமெட்டி ஆற்றுப் பக்கம் போகும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரைதான் மாரா ஆறு, அதுவும் கென்யாவில் மட்டும் இல்லை, தான்சானியாவின் வடக்கு எல்லையில் கோகடெண்டே பக்கமும் கடக்கும். நவம்பரில் மறுபடி தெற்கு.

சரி, ஆற்றைத்தான் பார்க்க வேண்டும் என்கிறாரா? குறைந்தது நான்கு இரவு ஆற்றின் அருகிலேயே தங்கவையுங்கள். மசாய் மாரா தேசியக் காப்பகத்தில் வெளிநாட்டவருக்கு ஒரு நாள் கட்டணம் ஜூன் வரை 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். இதையும் சேர்த்து முழுச் செலவையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கொடுக்கும் பொய்யான உறுதி கடைசியில் ஓட்டுநர் தலையில்தான் விழுகிறது. "இன்னும் கொஞ்சம் கிட்டே போங்க" என்று வண்டியில் இருப்பவர்கள் நச்சரிக்க, அவர் கரையின் விளிம்புவரை போகிறார், பின்னாலேயே இருபது வண்டிகள் வந்து விலங்குகள் இறங்கும் வழியை அடைத்துவிடுகின்றன, மிரண்ட கூட்டம் திரும்பி ஓடுகிறது. கூட்டம் இறங்கத் தொடங்கும்வரை தள்ளியே நிற்கும்படி ஓட்டுநர்களிடம் சொல்லுங்கள். அதற்காகப் பயணிகள் புகார் செய்தால் ஓட்டுநரின் பக்கம் நில்லுங்கள், அவர் கூலியில் கைவைக்காதீர்கள்.