படிவம் நிரப்பத் தெரியாதவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இணையதளங்களில் விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் வயதானவர்கள் பலரும் திணறுகிறார்கள், அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்த வேண்டும் என்று போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் படிவங்களைச் செய்து கொடுத்துத்தான் நான் 17 வருடமாகப் பிழைக்கிறேன். வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார வேண்டியது என்னைப் போன்றவர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விண்ணப்பப் படிவம் செய்தேன். என் மேசையில் இருக்கும் பெரிய திரையில் பார்க்க அழகாகவே இருந்தது. வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மாவிடம் கொடுத்து, அவருடைய பழைய போனிலேயே நிரப்பிப் பார்க்கச் சொன்னேன். வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பாதி நிரப்பும்போது அவருக்கு ஒரு போன் வந்தது. பேசி முடித்துத் திரும்பி வந்தால் எந்தக் கட்டத்தில் எதை எழுதினோம் என்று தெரியவில்லை. காரணம் நான்தான். இடம் மிச்சமாகட்டும் என்று 'பெயர்', 'முகவரி' என்ற குறிப்புகளைக் கட்டத்துக்கு உள்ளேயே மங்கலாகப் போட்டிருந்தேன். ஒரு எழுத்துத் தட்டியதுமே அவை மறைந்துவிடும். அப்புறம், செல்பேசி எண்ணுக்கான கட்டத்தைத் தொட்டால் எண் பலகைக்குப் பதிலாக எழுத்துப் பலகை எழுந்து வந்தது. அதையும் சமாளித்து, படிக்க வசதியாக நடுவில் ஓர் இடைவெளி விட்டு எண்ணைத் தட்டினார். 'தவறான உள்ளீடு' என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. எது தவறு என்று அந்த வரி சொல்லவில்லை. போதாததற்கு, அதுவரை நிரப்பியதெல்லாம் காலியாகிவிட்டது. பெரியம்மா பொறுமையாக மறுபடி ஆரம்பித்து, கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, இதுல அனுப்புற பொத்தானே இல்லையே?"

பொத்தான் இருந்தது. போனின் முகவரிப் பட்டைக்குக் கீழே ஒளிந்திருந்தது. பக்கத்தைத் திரையின் முழு உயரத்துக்கு நிறுத்தி, பொத்தானை அதன் அடியில் ஒட்டியிருந்தேன். அந்தப் பட்டை மறைந்திருக்கும்போது உள்ள உயரத்தைத்தான் போன் உலாவிகள் (குரோம், சஃபாரி போன்றவை) 'முழு உயரம்' என்று கணக்கிடுகின்றன. பட்டை கண்முன் இருக்கும்போது அடியில் உள்ளது வெளியே தள்ளப்படுகிறது. பட்டை வந்தாலும் போனாலும் சரியாகப் பொருந்தும் 'டிவிஎச்' (dvh) என்ற உயர அளவை 2022 முடிவதற்குள் முக்கிய உலாவிகள் எல்லாமே ஏற்றுக்கொண்டுவிட்டன. எனக்கு அது தெரிந்தது பெரியம்மா கேட்ட பிறகு.

மற்றவை இன்னும் சுலபம். குறிப்பைக் கட்டத்துக்கு மேலே, மறையாதபடி வைத்தேன். தொலைபேசி எண்ணுக்கான கட்டத்துக்கு நிரலில் உள்ளீட்டு வகையை 'டெல்' (tel) என்று மாற்றினால் எண் பலகை தானே வரும். இங்கே பலர் 'நம்பர்' என்று போட்டுவிடுகிறார்கள். அந்த வகை கூட்டிக் கழிக்கும் எண்ணுக்கானது, இலக்கமாக இருப்பதெல்லாம் எண் ஆகிவிடாது என்று இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் தர வரையறையே எச்சரிக்கிறது. சில உலாவிகளில் அந்தக் கட்டத்தைத் தேர்ந்த நிலையில் அதன் மேல் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் எண் மாறிப்போகலாம். இடைவெளியை நீக்குவது நிரலில் ஒரே ஒரு வரி. அதை எழுதச் சோம்பல்பட்டுத்தான் நாம் மனிதர்களைத் திட்டுகிறோம். பிழைச் செய்தியும் அப்படித்தான். பிழை எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதன் அடியிலேயே 'எண்ணில் ஒரு இலக்கம் குறைகிறது' என்று வர வேண்டும். சரியாக நிரப்பியதை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்கக் கூடாது.

இன்னொன்று, இதில் என் கூட்டாளிகளோடு எனக்குச் சண்டையே நடந்திருக்கிறது. ஐபோனில், உள்ளீட்டுக் கட்டத்தின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால், தொட்டதும் பக்கம் தானாகப் பெரிதாகும். எழுத்தை 16 ஆக்கினால் விஷயம் முடிந்தது. ஆனால் பலர் என்ன செய்கிறார்கள் என்றால், பக்கத்தைப் பெரிதாக்கவே முடியாதபடி பக்கம் திரைக்கு எப்படிப் பொருந்த வேண்டும் என்று சொல்லும் வியூபோர்ட் வரியில் பூட்டுப் போட்டுவிடுகிறார்கள். ஐபோனில் விரலால் பெரிதாக்குவதை அந்தப் பூட்டு இப்போது தடுப்பதில்லை. ஆண்ட்ராய்டில் தடுக்கிறது. ஆக, ஐபோனுக்காகப் போட்ட பூட்டில் ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் கண் மங்கிய வேறு யாரோ மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைக்கிறார்கள்.

சாம்பல் நிற எழுத்துக்கும் அதே கதைதான். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி என்ற அணுகல் நெறிமுறை. வடிவமைப்பாளர்களுக்குப் பிடித்த #777 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல், வெள்ளைப் பின்னணியில் 4.48 எடுத்து மயிரிழையில் தோற்கிறது. #767676 என்று ஒரு படி கறுப்பாக்கினால் தேறிவிடும். இரண்டுக்கும் வித்தியாசத்தை வெறும் கண்ணால் சொல்லிவிட முடியாது. அதனால்தான் 'எனக்கு நன்றாகத் தெரிகிறதே' என்ற வாதத்தை நான் நிறுத்திவிட்டு அளக்க ஆரம்பித்தேன்.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 4000 பிக்சல் அகலப் புகைப்படத்தை அப்படியே ஏற்றிவிட்டு, போனில் 400 பிக்சலில் காட்டுவதை விடுங்கள், போதும். ஆனால் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் நிரலில் எழுதத் தவறுவது தனிக் கொடுமை. உலாவிக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்று தெரியாது. படம் தாமதமாக வந்து இறங்கும்போது எழுத்தெல்லாம் கீழே ஓடும், தொடப் போன விரல் வேறு எதன் மேலோ விழும். விளம்பரங்களுக்கு இடம் ஒதுக்காமல் விட்டாலும் இதே கதிதான். (உங்கள் நாளிதழின் தளத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

தமிழில் தளம் செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. ஆங்கிலத்தில் வரைந்த வடிவமைப்பை எடுத்து எழுத்தை மட்டும் மாற்றினால், நான்கு எழுத்துக்கு அளந்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' உட்காராது. வரி உயரம் குறைவாக இருந்தால் கூ, ளு போன்றவற்றின் அடி வெட்டுப்படும். பெயருக்கு 12 எழுத்துதான் என்று வரம்பு வைத்தால் கிருஷ்ணமூர்த்தி உள்ளே வர முடியாது. நம் கண்ணுக்கு அது 8 எழுத்து. கால், கொம்பு, புள்ளியையெல்லாம் கணினியின் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு தனித்தனியாக எண்ணுவதால் கணினிக்கு அது 15. வந்த பிழைச் செய்தி என்ன சொல்லியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

திரையில் தெரியாத கோளாறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் எனக்கு ஒரு வாடிக்கையாளரையே இழக்க வைத்திருக்கும். தளம் திறந்து இரண்டு மாதமாகியும் தொடர்புப் படிவம் வழியாக ஒரு விசாரணைகூட வரவில்லை, உங்கள் டிசைன் சரியில்லை என்று ஒருவர் போனில் கத்தினார். நேரில் போய் அவருடைய மின்னஞ்சல் பெட்டியில் வேண்டாத அஞ்சல்களை ஒதுக்கி வைக்கும் ஸ்பேம் கோப்புறையைத் திறந்தேன். 41 கடிதங்கள். எழுதியவர்கள் எல்லாரும் பதில் வராமல் வேறு இடம் தேடிப் போயிருப்பார்கள். படிவத்தை நிரப்புகிறவரின் முகவரியையே 'அனுப்புநர்' இடத்தில் போட்டிருந்தேன். அவர் பெயரில் அஞ்சல் அனுப்ப என் சர்வருக்கு ஏது அதிகாரம்? பெறுகிற பக்கம் அதைப் போலி என்று ஒதுக்கியதில் தப்பே இல்லை. அனுப்புநராகத் தளத்தின் சொந்த முகவரி, பதில் போக வேண்டிய இடத்தில் மட்டும் நிரப்பியவரின் முகவரி, டொமைனில், அதாவது தளத்தின் இணையப் பெயரில், அஞ்சல் போலியில்லை என்று காட்ட உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள். இதைச் செய்த பிறகு சரியானது. இப்போதெல்லாம் ஒவ்வொரு விண்ணப்பத்தின் நகலையும் தரவுத்தளத்திலும் சேமித்துவிடுகிறேன், மாதம் ஒருமுறை நானே ஒரு விண்ணப்பம் போட்டும் பார்க்கிறேன்.

வாசகர் சொன்ன பயிற்சிக்குப் பதிலாக, மாட்டிக்கொண்டு நிற்பவர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். தளம் மக்கர் செய்தால் 'எனக்குத்தான் தெரியவில்லை' என்று மூடிவிடாதீர்கள். திரையைப் படம் பிடித்து, என்ன போன், எந்த உலாவி, கடைசியாக எதைத் தொட்டீர்கள் என்ற மூன்றையும் எழுதி அந்தத் தளத்தை நடத்துபவருக்கு அனுப்புங்கள். அனுப்பும் முன் எண், முகவரி போன்ற சொந்த விவரங்களைப் படத்தில் மறைத்துவிடுங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் வந்தால், எங்கள் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு 'இங்கே சரியாகத்தானே இருக்கிறது' என்று பதில் எழுதிவிடுவோம். நானே எத்தனையோ முறை அப்படி எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தளங்கள் செய்து கொடுக்கும் ஒரு வாசகி